காலிப் பெட்டி

1914-ஆம் ஆண்டு டெட்ராய்ட் நகரத்து மர வியாபாரி ஃபிரெடெரிக் சிப்லிக்கு ஒரு சின்னப் பிரச்னை. கோடை விடுமுறைக்கு மிச்சிகன் மாகாணத்தின் வடக்கே போகும்போது தன் படகையும் கொண்டுபோக வேண்டும். கையில் இருப்பது ஒரு ஃபோர்டு மாடல் டி கார். படகு காருக்குள் நுழையாது, காரின் தலையில் ஏற்றவும் முடியாது. ஆகஸ்ட் ஃப்ரூஹாஃப் என்ற கொல்லரின் பட்டறைக்குப் போனார் சிப்லி. ஃப்ரூஹாஃப் குதிரை வண்டி செய்து பழகியவர். குதிரைக்குப் பின்னால் கட்டுவதைப் போல காருக்குப் பின்னால் ஒரு இரண்டு சக்கர வண்டியைச் செய்து மாட்டிக் கொடுத்தார். படகு பத்திரமாக ஊர் போய்ச் சேர்ந்தது.

படகு போன வண்டியில் மரம் போகாதா என்பது சிப்லியின் அடுத்த யோசனை. மரக்கடைக்கும் அதே மாதிரி வண்டிகள் செய்யச் சொன்னார். 1918-ல் ஃப்ரூஹாஃப் டிரெய்லர் கம்பெனி பதிவானது. இன்று அமெரிக்க நெடுஞ்சாலைகளில் ஓடும் பதினெட்டுச் சக்கர லாரிகளின் பூர்வீகத்தைத் தேடிக்கொண்டே போனால், ஒரு கிளை இந்த விடுமுறைப் படகில் போய் முடியும்.

டிரெய்லர் என்றால் நமக்கு முதலில் சினிமா ஞாபகம் வரும், அடுத்து டிராக்டர் பெட்டி. இந்தக் கட்டுரை டிராக்டர் பெட்டியின் தம்பியைப் பற்றியது. இரண்டு சக்கரம், ஒரு அச்சு, மேலே ஒரு பெட்டி, காரில் மாட்ட முன்னால் நீளும் ஒரு கம்பு. அமெரிக்காவில் அதன் பெயர் யூட்டிலிட்டி டிரெய்லர். தோட்டத்துக்கு மண் அள்ளலாம், பழைய சோபாவைக் குப்பைக் கிடங்குக்குக் கொண்டுபோகலாம். ஆனால் வாங்குகிறவர்களில் ஒரு சாரார் மண் அள்ளுவதோடு நிறுத்துவதில்லை. மேலே கூடாரம், பின்னால் அடுப்பு, பக்கத்தில் தண்ணீர்த் தொட்டி என்று ஏற்றி அதைக் காட்டுக்குள் கொண்டுபோகிறார்கள்.

இந்த "அப்கிரேடு" பழக்கத்துக்குக் கிட்டத்தட்ட நூறு வயதாகிறது. நூறு வருடமும் ஒரே கதைதான் திரும்பத் திரும்ப நடந்திருக்கிறது. யாரோ ஒருவர் காலிப் பெட்டியில் தொடங்குவார். ஒவ்வொன்றாக வசதி சேரும். ஒரு கட்டத்தில் அது டிரெய்லராக இருப்பதையே விட்டுவிடும். அப்போது வேறொருவர் வந்து மறுபடி காலிப் பெட்டியில் தொடங்குவார். மென்பொருள் துறையில் இதை ஃபீச்சர் க்ரீப் என்போம். மென்பொருள் வீங்கினால் மெதுவாகும், அவ்வளவுதான். டிரெய்லர் வீங்கினால் உயிர் போகும்.

முன்பாரம், பின்பாரம்

ஏன் உயிர் போகும்? மாட்டு வண்டியில் பாரம் ஏற்றியவர்களுக்கு இந்த இயற்பியல் பாடப்புத்தகம் இல்லாமலே தெரியும். முன்பாரம் கூடினால் மாட்டின் கழுத்து அழுந்தும். பின்பாரம் கூடினால் நுகத்தடி மேலே எழும்பும், மாடு இழுக்கத் திணறும். அச்சுக்கு முன்னால் கொஞ்சம் எடை கூடுதலாக இருக்கும்படி பார்த்து அடுக்க வேண்டும்.

ஒற்றை அச்சு டிரெய்லரும் அதே வண்டிதான். இங்கே கழுத்து என்பது காரின் பின்னால் இருக்கும் கொக்கி. டிரெய்லரின் மொத்த எடையில் 10 முதல் 15 சதவீதம் அந்தக் கொக்கியின் மேல் இறங்க வேண்டும் என்பது பொது விதி. 500 கிலோ டிரெய்லர் என்றால் 50 முதல் 75 கிலோ.

ஒரே வித்தியாசம் வேகம். மாட்டு வண்டி போகும் வேகத்தில் பின்பாரம் ஒரு தொல்லை. நூறு கிலோமீட்டர் வேகத்தில் அது விபத்து. பக்கத்தில் ஒரு லாரி கடந்து போகிறது, காற்று தள்ளுகிறது, டிரெய்லரின் வால் லேசாக ஆடுகிறது. முன்பாரம் சரியாக இருந்தால் இரண்டு மூன்று ஆட்டத்தில் தானாக அடங்கிவிடும். ஆனால் ஒவ்வொரு டிரெய்லருக்கும் ஒரு வேக எல்லை உண்டு. அதைத் தாண்டினால் ஆட்டம் அடங்காது, ஒவ்வொரு சுற்றுக்கும் பெரிதாகும். பொறியியல் கல்லூரியில் கன்ட்ரோல் சிஸ்டம்ஸ் படித்தவர்களுக்கு, டேம்பிங் எதிர்மறையாகப் போகும் இடம் என்று சொன்னால் புரியும். கடைசியில் வால் நாயை ஆட்டும், டிரெய்லர் காரைப் புரட்டும். பின்பாரம் செய்கிற வேலை, அந்த வேக எல்லையைக் கீழே இழுத்து நாம் வழக்கமாக ஓட்டும் வேகத்துக்குள் கொண்டுவந்து வைப்பது.

காலிப் பெட்டியில் இந்தப் பிரச்னை அநேகமாக இருக்காது. செய்தவர் அச்சைச் சரியான இடத்தில் வைத்துத்தான் அனுப்புகிறார். நாம் பின்பக்கம் அடுப்பு மேடையும், அதற்குப் பின்னால் சைக்கிள் மாட்டும் சட்டமும் பொருத்தும்போதுதான் அவர் போட்ட கணக்கு கலைகிறது.

மழையில் நனைந்த விஞ்ஞானி

1920-களில் அமெரிக்கர்கள் காரில் கூடாரம் கட்டிக்கொண்டு ஊர் சுற்றத் தொடங்கினார்கள். மடித்து வைத்த கூடாரத்தை இரண்டு சக்கரப் பெட்டியில் ஏற்றி விற்கும் கம்பெனிகள் முளைத்தன. பெட்டியைத் திறந்தால் கூடாரம் விரியும், சில நிமிட வேலை என்று விளம்பரம்.

டெட்ராய்ட்டில் ஆர்தர் ஷெர்மன் என்ற பாக்டீரியா ஆராய்ச்சியாளர் 1929-ல் அப்படி ஒன்றை வாங்கிக்கொண்டு குடும்பத்தோடு கிளம்பினார். வழியில் மழை. சில நிமிடத்தில் விரிய வேண்டிய கூடாரம் விரியவில்லை. எல்லாரும் நனைந்தார்கள். ஊர் திரும்பியதும் ஷெர்மன் துணியே வேண்டாம் என்று முடிவெடுத்தார். ஆறடி அகலம், ஒன்பதடி நீளத்தில் மேசனைட் பலகையால் சுவர் வைத்த ஒரு பெட்டியைச் செய்யச் சொன்னார். அதற்கு வைத்த பெயர் கவர்ட் வேகன். மேற்கு நோக்கிக் குடியேறியவர்கள் போன மூடுவண்டிகளின் பெயர்.

போகிற இடமெல்லாம் கேட்டார்கள், எங்கே வாங்கினீர்கள் என்று. 1930-ல் டெட்ராய்ட் கார் கண்காட்சியில் கொண்டுபோய் வைத்தார். 1936-ல் ஷெர்மனின் கம்பெனி நாட்டிலேயே பெரிய டிரெய்லர் உற்பத்தியாளர். அந்தச் சமயத்தில்தான் பொருளாதாரக் கணிப்பாளர் ரோஜர் பாப்சன், இருபது வருடத்துக்குள் அமெரிக்கர்களில் பாதிப் பேர் டிரெய்லரில்தான் வாழ்வார்கள் என்று ஜோசியம் சொன்னார்.

ஜோசியம் பலிக்கவில்லை. ஆனால் ஏன் அப்படித் தோன்றியது என்பது புரிகிறது. துணி சுவராகியது. சுவர் வந்ததும் ஜன்னல், ஜன்னலுக்குத் திரை, உள்ளே அடுப்பு, கட்டில், அலமாரி எல்லாம் வந்தன. பெருமந்த காலத்தில் வேலை தேடி அலைந்த பலருக்கு டிரெய்லரே வீடானது. உலகப் போர் வந்தபோது ஆயுதத் தொழிற்சாலைத் தொழிலாளர்களைக் குடிவைக்க அரசே டிரெய்லர்களை ஆயிரக்கணக்கில் வாங்கியது. போருக்குப் பிறகும் வீட்டுப் பஞ்சம் தீரவில்லை. 1950-களின் நடுவில் விஸ்கான்சினில் எல்மர் ஃப்ரே பத்தடி அகலத்தில் ஒன்றைச் செய்தார். எட்டடிக்கு மேல் அகலமானதைச் சாதாரண காரில் கட்டி நினைத்தபோது இழுத்துப் போக முடியாது, சாலையில் கொண்டுபோகத் தனி அனுமதி வேண்டும். ஒரு முறை கொண்டுபோய் இறக்கினால் அங்கேயே நிற்கும். அவர் அதற்கு வைத்த பெயர் மொபைல் ஹோம். சக்கரம் இருந்தது, பெயரில் மொபைல் இருந்தது, நகர்வது மட்டும் நின்றுபோனது.

மழைக்கு ஒதுங்க வைத்த சுவர் அங்கே கொண்டுபோய் விட்டது.

கிளைடர்காரர்

எடை என்ற எதிரியை அந்தக் காலத்தில் சரியாக அடையாளம் கண்டவர் ஹாலி போலஸ். கிளைடர் செய்கிறவர். 1927-ல் சார்லஸ் லிண்ட்பர்க் அட்லாண்டிக்கைத் தனியாகக் கடந்த ஸ்பிரிட் ஆஃப் செயின்ட் லூயிஸ் விமானம் உருவான தொழிற்சாலையில் மேற்பார்வையாளராக இருந்தவர். விமானக்காரர்களுக்கு ஒவ்வொரு கிராமுக்கும் கணக்கு வேண்டும்.

1934-ல் அவர் செய்த ரோடு சீஃப் டிரெய்லர் அலுமினியத் தகட்டால் ஆனது. தகடே எலும்பாகவும் தோலாகவும் இருந்து பாரத்தைத் தாங்கும் விமானக் கட்டுமானம். படுக்க இடமும் சமைக்க இடமும் இருந்தும் எடை சுமார் 1,100 பவுண்டு, அதாவது 500 கிலோ. கம்பெனி நீடிக்கவில்லை. வாலி பையாம் அந்த வடிவத்தை எடுத்துக்கொண்டு 1936-ல் ஏர்ஸ்ட்ரீம் கிளிப்பர் என்று வெளியிட்டார். இன்றும் ஓடும் வெள்ளி நிற ஏர்ஸ்ட்ரீம்கள் அதன் பேரப்பிள்ளைகள். வடிவம் பிழைத்தது. எடைதான் தலைமுறைக்குத் தலைமுறை ஏறியது, இன்றைய பெரிய ஏர்ஸ்ட்ரீம்கள் தாத்தாவைவிடப் பல மடங்கு கனம்.

பட்லர் ஊரின் ஆறுதல் பரிசு

மறுபடி காலிப் பெட்டி வந்தது ராணுவத்திலிருந்து. பென்சில்வேனியாவில் பட்லர் என்ற ஊரில் அமெரிக்கன் பாண்டம் என்று ஒரு குட்டிக் கார் கம்பெனி, நொடித்துப்போகும் நிலையில் இருந்தது. 1940 கோடையில் அமெரிக்க ராணுவம் 135 கம்பெனிகளுக்கு ஒரு அறிவிப்பு அனுப்பியது. நான்கு சக்கரமும் இழுக்கும் ஒரு சின்ன உளவு வண்டி வேண்டும், எடை 1,300 பவுண்டுக்குள், மாதிரி வண்டி 49 நாளில். பெரிய கம்பெனிகள் சிரித்திருக்கும். பாண்டமுக்கு இழப்பதற்கு ஒன்றுமில்லை. கார்ல் ப்ராப்ஸ்ட் என்ற பொறியாளரைக் கூப்பிட்டார்கள். செப்டம்பர் 23-ஆம் தேதி, கெடு முடியச் சற்று முன்னால், மேரிலாந்தின் ஹோலபர்ட் முகாமுக்குள் வண்டியை ஓட்டிக்கொண்டு போய் நிறுத்தினார்கள். அதுதான் முதல் ஜீப். 1,300 பவுண்டு என்பது நடக்காத காரியம் என்று ராணுவமே ஒப்புக்கொண்டு பிறகு எல்லையை 2,160 பவுண்டாக உயர்த்தியது. அதற்குள் அடங்க வில்லிஸ் கம்பெனியின் பொறியாளர்கள் போல்ட்டுகளின் நீளத்தைக் கூடக் குறைத்தார்கள், பெயின்ட் பூச்சையும் எண்ணினார்கள் என்பார்கள்.

பெரிய ஆர்டர்கள் வில்லிஸுக்கும் ஃபோர்டுக்கும் போயின. இரண்டு கம்பெனிகளும் சேர்ந்து ஆறு லட்சத்துக்கும் மேல் ஜீப் செய்தன. முதலில் செய்த பாண்டமுக்குக் கிடைத்தது மூவாயிரத்துக்கும் குறைவு. ஆறுதல் பரிசாகக் கிடைத்தது ஜீப்புக்குப் பின்னால் மாட்டும் கால் டன் டிரெய்லர்.

அந்த டிரெய்லர் ஒரு நல்ல பொறியியல். எஃகுத் தொட்டி, மேலே கித்தான், அவ்வளவுதான். தண்ணீர் புகாமல் செய்திருந்ததால் ஆற்றில் இறக்கினால் மிதக்கும். உள்ளே சேர்ந்த தண்ணீரை விட அடியில் அடைப்பான்கள். சக்கரமும் டயரும் ஜீப்பினுடையவைதான், ஆக ஜீப்பின் ஸ்டெப்னி இரண்டுக்கும் பொது. உப்பு வணிகர்கள் வண்டியின் அடியில் சேம அச்சு கட்டிக்கொண்டு போனதைப் புறநானூற்றில் ஔவையார் உவமையாகச் சொல்கிறார். நடுவழியில் நிற்பதைப் பற்றிய பயம் அன்றும் இன்றும் ஒன்றுதான். காலி எடை சுமார் 250 கிலோ. கரடுமுரடான நிலத்தில் ஏற்றக்கூடிய பாரம் 500 பவுண்டு, அதாவது சுமார் 225 கிலோ. நல்ல சாலையில் அதைப்போல இரண்டு மடங்கு.

இந்த இரண்டு எண்களையும் ஒன்றாகச் சொன்னதுதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. ஒரே பெட்டி, ஒரே அச்சு. ஆனால் பாதை மாறினால் பாரத்தைப் பாதியாக்கு என்கிறது ராணுவம். பள்ளத்தில் இறங்கி எழும் ஒவ்வொரு அதிர்ச்சியிலும் அச்சுக்கு அதே பாரம் பல மடங்காகத் தெரியும்.

போர் முடிந்ததும் பாண்டம் கார் பக்கமே திரும்பவில்லை. டிரெய்லர் செய்தது, 1956-ல் ஒரு இரும்பு ஆலைக் கம்பெனி வாங்கும்வரை. ராணுவம் கழித்துவிட்ட டிரெய்லர்கள் விவசாயிகளிடமும் வேட்டைக்காரர்களிடமும் போய்ச் சேர்ந்தன. இன்று காட்டுப் பாதைகளுக்காகச் செய்து விற்கும் பல முகாம் டிரெய்லர்களின் உடம்பில் அந்தத் தொட்டியின் சாயல் அப்படியே தெரியும்.

மாறாத பெட்டியும் கண்ணீர்த்துளியும்

அதே 1945-ல் இன்னொரு காலிப் பெட்டி புறப்பட்டது. கடற்படையிலிருந்து வந்த லெனர்ட் ஷோன், லாஸ் ஏஞ்சலஸிலிருந்து போர்ட்லாந்துக்கு வீடு மாற்ற ஒரு டிரெய்லர் வாடகைக்குத் தேடினார். ஒரு ஊரில் எடுத்து இன்னொரு ஊரில் விட யாரும் தரவில்லை. அவரும் மனைவி ஆனா மேரியும் ஐயாயிரம் டாலர் சேமிப்பைப் போட்டு யூ-ஹால் தொடங்கினார்கள். ஆரஞ்சு நிறப் பெட்டி, பக்கவாட்டில் வாடகை நாளுக்கு இரண்டு டாலர் என்ற எழுத்து. யூ-ஹால் பெட்டிகள் இன்றும் ஏறக்குறைய அதே பெட்டிகள்தான். நாளைக்குத் திருப்பித் தரவேண்டிய வண்டிக்கு யார் ஆணி அடிப்பார்கள்? அப்கிரேடு ஆசை சொந்தமான பொருளின் மேல்தான் வரும்.

சொந்தமாகச் செய்தவர்களுக்கு வழிகாட்டியது டியர்ட்ராப் டிரெய்லர். கண்ணீர்த்துளி மாதிரி முன்னால் உருண்டு பின்னால் சரியும் வடிவம். 1930-களிலேயே இருந்தாலும், போருக்குப் பிறகு மெக்கானிக்ஸ் இல்லஸ்ட்ரேட்டட் இதழ் 1947-ல் வரைபடத்தை வெளியிட்டதும் ஊரெங்கும் கார் ஷெட்டுகளில் செய்ய ஆரம்பித்தார்கள். போரில் மிஞ்சிய அலுமினியத் தகடும் ஜீப் சக்கரமும் மலிவாகக் கிடைத்தன. உள்ளே இரண்டு பேர் படுக்கலாம், நிற்க முடியாது. பின்கதவைத் தூக்கினால் அடுப்பங்கரை. சமைப்பவர் வெளியே நிற்க வேண்டும்.

நிற்க முடியாது என்ற குறைதான் அதைக் காப்பாற்றியது என்று நினைக்கிறேன். நிற்கும் உயரம் வந்தால் அலமாரி வரும், அலமாரி வந்தால் கழிவறை வரும், பிறகு எல்மர் ஃப்ரேயின் பத்தடி அகலம்தான். கண்ணீர்த்துளி தன் குறையைத் திருத்திக்கொள்ளவில்லை. 1960-களுக்குள் பெரிய வண்டிகளின் முன்னால் மறைந்துபோனது, பிறகு தனியாகச் செய்துகொள்பவர்களின் கையில் மறுபடி வந்தது.

225 கிலோ கணக்கு

இன்றைக்கு வருவோம். விலை மலிவான யூட்டிலிட்டி டிரெய்லர்கள் இப்போது பெட்டிக்குள் துண்டு துண்டாக வருகின்றன, வீட்டில் வைத்து போல்ட் முடுக்கிக்கொள்ளலாம். ராணுவத் தொட்டியின் எண்களையே வைத்து ஒரு முகாம் டிரெய்லரைக் கற்பனை செய்து பார்ப்போம். மேலே விரியும் கூடாரம் 60 கிலோ. அதைத் தாங்க இரும்புச் சட்டம் 40. தண்ணீர் 75 லிட்டர், தொட்டியை விட்டுவிட்டாலும் 75 கிலோ. நூறு ஆம்பியர் ஈய பேட்டரி 30. தனி ஸ்டெப்னி 20. கூட்டினால் 225. காட்டுப் பாதைக்கான பாரம் முடிந்தது. அரிசி, அடுப்பு, போர்வை, நாற்காலி எதையும் இன்னும் ஏற்றவே இல்லை.

அலுவலக நண்பர் ஒருவர் தன்னுடைய டிரெய்லரை இப்படித்தான் ஒரு வருடமாக மாற்றிக்கொண்டிருந்தார். "ஒண்ணுமே பெருசா போடலியே பாஸ், எல்லாம் சின்னச் சின்ன சாமான்தான்" என்பார். சாமான் சின்னதுதான், ஒவ்வொன்றும் மயிலிறகுதான். ஒரு நாள் லாரிகள் நிற்கும் இடத்தில் இருக்கும் எடை மேடையில் ஏற்றினார். அச்சின் அனுமதிக்கு மேல் 90 கிலோ. கொக்கியின் மேல் இறங்கியது மொத்த எடையில் ஏழு சதவீதம். அடுப்பு மேடையை முன்னால் மாற்றி, தண்ணீர்த் தொட்டியை அச்சுக்குச் சற்று முன்னால் தாழ இறக்கினார். ஈய பேட்டரியை எடுத்துவிட்டு 12 கிலோ லித்தியம் போட்டார். சட்டத்தைக் கழற்றிவிட்டுக் கூடாரத்தைத் தரையில் அடிக்கத் தொடங்கினார்.

ஆக, அப்கிரேடு என்றால் முதலில் செய்ய வேண்டியவை போட்டோவில் தெரியாதவை. மலிவு டிரெய்லர்களில் 12 அங்குலச் சின்னச் சக்கரங்கள் வரும். நூறு கிலோமீட்டர் வேகத்தில் அவை நிமிடத்துக்குச் சுமார் ஆயிரம் முறை சுற்றும், காரின் சக்கரமோ 750 தான். ஆகவே பேரிங்கில் கிரீஸ் முதல் வேலை. டிரெய்லர் டயர்களுக்கு வழக்கமான வேக வரம்பு மணிக்கு 105 கிலோமீட்டர், கார் எவ்வளவு வேகம் போனாலும் சரி. காப்புச் சங்கிலிகளைக் கொக்கிக்கு அடியில் குறுக்காக மாட்ட வேண்டும், கொக்கி கழன்றால் முன்கம்பு ரோட்டில் குத்தாமல் சங்கிலித் தொட்டிலில் விழும். விளக்குகளின் எர்த் கம்பி துருப்பிடிக்காமல் இருக்க வேண்டும். அப்புறம்தான் ஸ்பிரிங்கும் அச்சும். அப்போதும் ஒன்று: கனமான அச்சு மாற்றினால் டிரெய்லரின் தாங்கும் சக்தி தானாகக் கூடிவிடாது. சட்டம், கொக்கி, டயர், காரின் இழுக்கும் திறன் எல்லாவற்றிலும் எது குறைவோ அதுதான் எல்லை.

பாண்டம் கம்பெனி அந்த எல்லையைத் தகட்டில் எழுதி வண்டியிலேயே அடித்து அனுப்பிய காலம் போய், இன்றும் ஒவ்வொரு டிரெய்லரின் முன்சட்டத்திலும் ஒரு ஒட்டுத்தாள் இருக்கிறது. பெயின்ட் அடிக்கும்போது பலர் முதலில் மறைப்பது அதைத்தான். அதைப் படித்து, மொத்த எடையில் காலி எடையைக் கழித்து, வரும் எண்ணைப் பெட்டியின் உள்பக்கம் சாக்பீஸால் பெரிதாக எழுதிவைத்துவிட்டு முதல் துளையைப் போடலாம்.